அறியாது செய்த பிழையும் அறமும்: ஈடிப்பஸ், கண்ணப்பர் தொன்மங்கள் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

அறியாமல் செய்த பிழைக்கு ஒருவன் பொறுப்பாவானா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. தொன்மங்கள் இவ்வினாவைக் கதையாக்கிக் கற்பித்தன. கிரேக்கத்து ஈடிப்பஸ் கதையும், முன்பு சித்தூர் மாவட்டத்திலும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கும் திருக்காளத்தியின் கண்ணப்பர் கதையும் இதற்குச் சான்றுகள். இரண்டிலும் நாயகன் தன் கண்ணைத் தானே போக்கிக்கொள்கிறான். எனினும் அவை உணர்த்தும் அறம் ஒன்றன்று.

ஈடிப்பஸ்

சோபோக்ளீசின் நாடகத்தில் ஈடிப்பஸ் தந்தையென அறியாது லாயசைக் கொல்கிறான். தாயென அறியாது யொகாஸ்டாவை மணக்கிறான். தீப்ஸ் நகரைக் கொள்ளைநோய் வாட்டுகிறது. உண்மை வெளிப்பட்டதும் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான். ஆசிரியர் மறைந்தபின் கி.மு. 401இல் அரங்கேறிய மற்றொரு நாடகத்தில், தான் அறிந்து செய்யவில்லை என அவனே வாதிடுகிறான். வாதம் ஏற்கத்தக்கதே. ஆயினும் மாண்டவர் மீளவில்லை. நகரம் பட்ட துயரும் இல்லையாகிவிடவில்லை.

கண்ணப்பர்

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில், வேடர்குலத் திண்ணனார் பொன்முகலி நீரை வாயில் ஏந்தி இறைவனை ஆட்டுகிறார். சுவைத்துப் பார்த்த ஊனைப் படைக்கிறார். ஆகம நெறியில் இவை பெரும்பிழைகள். நாள்தோறும் இதைக் கண்டு வருந்திய சிவகோசரியாருக்கு இறைவன் கனவில் தோன்றி, வேடரின் அன்பை மறைந்திருந்து காணுமாறு பணிக்கிறார். ஆறாம் நாள் இறைவன் கண்ணில் குருதி பெருகத் திண்ணனார் தம் ஒரு கண்ணை அகழ்ந்து அப்புகிறார். மறுகண்ணையும் அகழ முனைகையில் இறைவன் தடுக்கிறார்.

இங்குச் சிவகோசரியார் தண்டிக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. அவரது நெறி பொய்யென்று கதை கூறவில்லை. அந்நெறிக்கு அப்பாலும் தூய்மை உண்டென்பதை அவர் தம் கண்ணால் காண வேண்டியிருந்தது. ஆகவே, இக்கதையில் பாடம் பெறுபவர் திண்ணனாரினும் சிவகோசரியாரே எனலாம்.

அன்பும் பொறுப்பும்

அவ்வாறாயின் அன்பு எப்பிழையையும் நியாயப்படுத்துமா என்ற ஐயம் எழும். இதற்கு இரு கதைகளையும் இணைத்து நோக்கின் விடை கிட்டும். திண்ணனார் மீறியது சடங்கு விதியை. அதற்குமேல் நேர்ந்த இழப்பைத் தாமே ஏற்றார். ஈடிப்பசின் பிழையில் இழப்பு பிறர்மீது விழுந்தது. முன்னதில் நோக்கத்தின் தூய்மை போதுமானதாகிறது. பின்னதில் அத்தூய்மை பழியைக் குறைக்குமேயன்றிப் பொறுப்பை நீக்காது.

முடிவுரை

பிறர் செயலை மதிப்பிடுகையில் சிவகோசரியாரைப் போல் காத்திருந்து நோக்கத்தைக் காண வேண்டும். தம் செயலால் பிறர் துன்புற்றால் ஈடிப்பசைப் போல் அறியாமையைக் காரணம் காட்டாது பொறுப்பேற்க வேண்டும். நடைமுறையில் நாம் பெரும்பாலும் இதனை மாற்றியே செய்கிறோம்: நமக்கு நோக்கத்தையும் பிறர்க்கு விளைவையும் அளவுகோலாகக் கொள்கிறோம். இவ்வழக்கத்தைத் திருத்துவதில்தான் இவ்விரு தொன்மங்களின் அறப்பயன் இன்றும் உள்ளது.