காலந்தாழ்ந்த பாராட்டு

வாழுங்காலத்தில் மறந்துவிட்டு, மறைந்தபின் மாலை சூட்டும் சமுதாயம், கலைஞனுக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிட்டதாகக் கருதலாமா? இவ்வினாவிற்கு விடை தேடுவோர், பினாங்குத் தீவு ஈன்ற இசையமைப்பாளர் பி. ரம்லியின் வாழ்வை எண்ணிப் பார்த்தல் தகும்.

1929-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் நாள் ஜார்ஜ் டவுனில் பிறந்த அவர், இளமையிலேயே இசைக்கருவிகளில் தேர்ச்சி பெற்றார். 1948-இல் புக்கிட் மெர்த்தாஜாமில் அவர் பாடக் கேட்ட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ், சிங்கப்பூர்ப் படவுலகிற்கு அழைத்துச் சென்றார். 1950-இல் 'பக்தி' படத்தில் அவரைக் கதைத்தலைவனாக்கியவர், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் என்பது தமிழர் நினைவிற்கொள்ளத் தக்கது. மலாய் மரபிசையோடு இந்துஸ்தானி இசையையும் மேலைநாட்டுத் தாளங்களையும் இழைத்துப் பாடல்கள் புனைந்தார் ரம்லி. 'ஹங் துவா' படத்தின் இசை 1956-இல் ஆசியத் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது.

1962-இல் அவர் இயக்கிய 'இபு மெர்த்துவாக்கு' படத்தில், மருமகன் இசைக்கலைஞன் என்றறிந்த செல்வச் சீமாட்டி அவனை இகழ்ந்து ஒதுக்குகிறாள். அவளைக் கண்டு சினந்த மக்களே, சில ஆண்டுகளில் அப்படத்தைப் படைத்தவரை மறந்தனர். 1964-இல் அவர் கோலாலம்பூருக்குப் பெயர்ந்தபின், மின்கிதார்க் குழுக்களின் இசை இளைஞரை ஈர்த்தது. அவருடைய படங்கள் வரவேற்பின்றிப் போயின. பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிக வட்டாரம் தொடங்கப்பெற்ற 1972-இல்தான் அவருடைய இறுதிப் படமும் வெளிவந்தது. தீவு புதுவாழ்வு தொடங்கிய வேளையில் தீவின் மைந்தர் வறுமையில் வாடினார். 1973 மே 29-இல், 44-ஆம் அகவையில் மறைந்தார். 'டான் ஸ்ரீ' விருது வந்ததோ 1990-இல்!

மக்களின் சுவை மாறியது குற்றமா? அன்று. விரும்பாத பாடலைக் கேட்குமாறு எவரையும் வற்புறுத்த இயலாது. ஆயின், சுவை வேறு; நன்றி வேறு. சுவை காலத்தோடு மாறும் இயல்பினது. நன்றியோ, பெற்ற இன்பத்திற்கு ஈடாக நிற்கும் கடன். புதிய பாடலை விரும்புவோர் பழைய பாடகனைப் பசியில் விடவேண்டும் என்பது எந்த அறமும் அன்று.

முரசுகட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாருக்குக் கவரி வீசினான் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை. புலவர் கண்விழித்துக் காணும் வண்ணம் செய்யப்பெற்ற சிறப்பு அது. மறைந்தார்க்குச் சூட்டும் பட்டத்தை அவர் காண்பதில்லை.

அவ்வாறாயின் நினைவிடங்கள் வீணா? பாயான் லெப்பாஸ் வானூர்தி நிலையத்தில் இறங்கி ஜார்ஜ் டவுன் செல்வோர், ரம்லியின் பெயர் தாங்கிய சாலையையும் அவர் பிறந்த வீட்டையும் இன்றும் காணலாம். அவை இளையோர்க்குப் பாடமாகும். ஆயினும் மறைந்தவர் கணக்கை நேர்செய்யா. அக்கடனை அவரிடம் செலுத்தும் காலம் கடந்துவிட்டது. இன்று தம்மிடையே பாடியும் எழுதியும் வாழும் கலைஞரை, அவர் கண்காண மதிப்பதே எஞ்சியுள்ள ஒரே வழி. செய்ந்நன்றி அறிதல் என்பது கல்லறைக்கு முன்னரே தொடங்க வேண்டிய அறம்.