செவியின் விலை

உயிரைக் காக்கும் மருந்தொன்று செவிப்புலனைப் பறிக்குமாயின், அதனை ஒரு நோயாளிக்கு வழங்குதல் அறமாகுமா? உயிர் பெரிதா, செவி பெரிதா என வினவி, உயிரே பெரிது என விடை கூறி, நாம் எளிதில் அப்பாற் சென்றுவிடலாம். ஆயின், வினாவை இரண்டே வழிகளுள் அடக்கி வைத்தவர் யார், மூன்றாவது வழியொன்று இருந்ததா, அது எவருக்குத் திறந்தும் எவருக்கு மூடியும் கிடந்தது என்று நோக்கும்பொழுதே பிரச்சினையின் உண்மை உருவம் புலப்படும். ஒலி பற்றிய விஞ்ஞானமும் மருத்துவமும் ஒன்றையொன்று தழுவி வளர்ந்த வரலாற்றை ஒட்டி இதனை ஆராய முற்படுவோம்.

இசை தெய்விகமானது, அதை அளவுகோல் கொண்டு அளத்தல் தகாது என்று கருதுவோர் நம்மிடையே இன்றும் உளர். கல்கத்தாவில் ஆராய்ச்சி நடத்திய சி. வி. இராமன் 1920இல் மிருதங்கத்தையும் தபேலாவையும் ஆராய்ந்தார். வட்டமாக இழுத்துக் கட்டிய தோலொன்றில் எழும் மேற்சுரங்கள் இயல்பாக ஒன்றோடொன்று இசைவதில்லை. தோலின்மேல் அப்பிய கரணையின் பாரமே அவற்றை இசையச் செய்கின்றது என அவர் காட்டினார். நமது நாட்டிலே, விஞ்ஞானப் பட்டதாரியும் ஆசிரியருமாய் விளங்கிய சுவாமி விபுலானந்தர், பழந்தமிழரின் யாழையும் பண்ணையும் கணித அடிப்படையில் ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூ’லைத் தந்தார். இவர்களது ஆராய்ச்சியால் இசையின் இனிமை ஒரு சிறிதும் குறைந்துவிடவில்லை. கரணையை எவ்வளவு பூசவேண்டும் என்பதைத் தோலைத் தட்டித் தட்டிக் கேட்டே அறிந்திருந்த தொழிலாளரின் பரம்பரை அறிவுக்கு விஞ்ஞானம் விளக்கம் கூறிற்று. அத் தொழிலாளருட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதையும், அவர் செய்த வாத்தியம் ஏறிய மேடையில் அவருக்கு நெடுங்காலம் இடம் கிடைக்கவில்லை என்பதையும் நாம் மறத்தல் கூடாது.

மருத்துவத்திலும் இத்தகைய வரலாறே காணப்படுகின்றது. ஒஸ்திரியாவில் விடுதி நடத்திய ஒருவரின் மகன் லெயோபோல்ட் அவுன்புறுக்கர். பீப்பாயைத் தட்டி, உள்ளிருக்கும் மதுவின் மட்டத்தை அறியும் முறை அக்காலத் தொழிலாளர்க்குப் பழக்கமானது. அதுபோல நோயாளியின் மார்பைத் தட்டி உள்ளே நீர் கோத்திருப்பதை அறியலாம் என அவர் 1761இல் எழுதினார். வைத்திய உலகம் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1808இல் கோர்விசார் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பின்னரே அம் முறை பரவிற்று. 1816இல் பாரிஸ் நெக்கர் வைத்தியசாலையில் றெனே லெனெக் என்பார் கடதாசியைக் குழலாகச் சுருட்டி, ஒரு நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். பின்னர் மரத்தைக் கடைந்து தாமே கருவி செய்தார். அவர் புல்லாங்குழல் வாசிப்பவருமாவார். கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை 1851இல் ஆக்கிய ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜேர்மன் வைத்தியரே, சுர உணர்வு பற்றிய பெருநூலை 1863இல் வெளியிட்டவரும் ஆவார். இசையை ஆராய்ந்த செவியும் நோயை ஆராய்ந்த செவியும் வேறு வேறாக இருக்கவில்லை.

செவி எங்ஙனம் கேட்கின்றது? புடபெஸ்ற் நகரின் தபாற் பகுதித் தொலைபேசி ஆய்வுகூடத்தில் பணியாற்றிய பெக்கெசி, இறந்தோரின் உட்செவிகளை ஆராய்ந்து இதற்கு விடை கண்டார். நத்தைச் சுருளினுள்ளே ஒலி ஓர் அலையாக ஓடுகின்றது. உயர்ந்த சுரங்கள் அதன் வாயிலருகிலும், தாழ்ந்த சுரங்கள் உட்கோடியிலும் உச்ச அதிர்வை எழுப்புகின்றன. இதற்காக 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டிற்று. அவ்வதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுவன மயிர்க்கலங்கள். ஒரு செவிக்கு ஏறத்தாழ 15,000 கலங்களே உள. மனிதரில் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. மேலும் 1978இல் டேவிட் கெம்ப் என்பார், செவி ஒலியைக் கேட்பதோடு தானும் மெல்லிய ஒலியை வெளியிடுகின்றது எனக் கண்டறிந்தார். பேசத் தெரியாத குழந்தையின் செவி பழுதற்றதா என இன்று சில நிமிடங்களில் அறிவது இக் கண்டுபிடிப்பின் பயனேயாம்.

இனி மருந்துக்கு வருவோம். மார்பின் ஒலி கேட்டுச் சயரோகத்தை இனங்காண வழிவகுத்த லெனெக், 1826இல் அந்நோயாலேயே மாண்டார். நோயை அறிய வழி பிறந்தும், தீர்க்க மருந்து பிறக்க நூறாண்டுக்கு மேல் சென்றது. 1943இல் அமெரிக்காவின் றட்கர்ஸ் பல்கலைக் கழகத்தில், வாக்ஸ்மன் என்பாரின் ஆய்வுகூடத்து மாணவரான அல்பேர்ட் ஷாற்ஸ், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ரெப்ரோமைசினைப் பிரித்தெடுத்தார். சாவை எதிர்நோக்கிக் கிடந்தோர் எழுந்து நடந்தனர். ஆனால் அவருட் சிலர் தலைசுற்றித் தடுமாறினர், சிலர் செவிடாயினர். பின்னர் வந்த கனமைசினும் இவ்வினத்தது, செவிக்கு இன்னும் கொடியது.

இதன் காரணம் சிந்தனைக்குரியது. இம் மருந்து பற்றீரியாக்களின் புரதம் ஆக்கும் பொறியைக் குலைத்து அவற்றைக் கொல்கின்றது. நமது கலங்களிலுள்ள இழைமணிகளின் புரதப் பொறியோ பற்றீரியாவின் பொறியைப் பெரிதும் ஒத்தது. ஒலியதிர்வை உணர்வதற்காக மயிர்க்கலத்தில் அமைந்துள்ள நுண்வாயில்களின் வழியாகவே மருந்து உட்புகுந்து, எளிதில் வெளியேறாது தங்கிவிடுகின்றது. கேட்பதற்கென அமைந்த கதவே நஞ்சுக்கும் கதவாகின்றது. முதலில் உயர்ந்த சுரங்கள் மறைகின்றன. நோயாளி பேச்சை விளங்கிக்கொள்வதால், இழப்பு தொடங்கியதைத் தானே அறியான். அறிந்துகொள்ளத்தக்க கருவிகளோ வறியோரின் சிகிச்சை நிலையங்களிற் பெரும்பாலும் இருந்ததில்லை.

1940களில் வைத்தியர் எதிர்கொண்டது மெய்யான இக்கட்டு. வேறு மருந்து இல்லாதவிடத்து, உண்மையைச் சொல்லி, நோயாளியின் இசைவைப் பெற்று ஊசி ஏற்றிய வைத்தியரை எவரும் பழித்தல் இயலாது. ஆனால் அந்த இக்கட்டு தலைமுறை தலைமுறையாக ஏன் நீடித்தது? பல மருந்துகளுக்கு அடங்காத சயரோகம் கண்டோருக்கு எட்டு மாதம் வரை இத்தகைய ஊசிகளை ஏற்றும் முறை 2010களிலும் வழக்கிலிருந்தது. செல்வ நாடுகளில் சயரோகம் அருகிவிட்டமையால் புது மருந்துக்கு இலாபகரமான சந்தை இல்லாது போயிற்று. அறிவு தேங்கியதற்கு மூளை வறண்டது காரணமன்று.

2012 டிசெம்பரில் பெடாகுயிலின் என்னும் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பற்றீரியா தனது சக்தியை ஆக்கும் நொதியத்தை அது தாக்குகின்றது. மனிதக் கலத்தின் ஒத்த நொதியத்தை அது அவ்வளவாகத் தீண்டுவதில்லை. விழுங்கும் குளிசை, செவியையும் கெடுப்பதில்லை. தென்னாபிரிக்கா 2018இல் ஊசிகளுக்குப் பதிலாக இதனை ஏற்றது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் கனமைசினைப் பரிந்துரையிலிருந்து நீக்கிற்று. அதாவது, ‘உயிரா, செவியா’ என்ற பழைய வினா 2012இலேயே ‘செவியா, பணமா’ என்ற வினாவாக மாறிவிட்டது. 2018இல் ஆறு மாதச் சிகிச்சைக்கு ஏறத்தாழ 400 டொலர் விலை கூறப்பட்டது.

அதன் ஆக்கவுரிமையைப் பெற்றிருந்த ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பெனி, மருந்தின் உப்பு வடிவம் ஒன்றிற்கென இந்தியாவில் மேலுமோர் உரிமை கோரியது. அது வழங்கப்பட்டிருப்பின் ஏகபோகம் 2023இல் முடியாது 2027வரை நீண்டிருக்கும். 2019இல் அதனை எதிர்த்து மனுச் செய்தோர் இருவர்: மும்பையைச் சேர்ந்த பரதநாட்டியக் கலைஞர் நந்திதா வெங்கடேசன், தென்னாபிரிக்காவைச் சேர்ந்த புமேசா டிசிலே. இருவரும் சயரோகத்தினின்று மீண்டவர்கள், அச் சிகிச்சையிலேயே செவிப்புலனை இழந்தவர்கள். இவர்கள் வெல்வதால் இவர்களுடைய செவிகள் திரும்பப் போவதில்லை. இனி வருவோர் கேட்க வேண்டும் என்பதற்காகவே இருவரும் போராடினர். 2023 மார்ச்சில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாத இறுதியில் சர்வதேசக் கொள்வனவில் மிகக் குறைந்த விலை 130 டொலர் வரை இறங்கிற்று.

இங்கு இரு மறுப்புகளை நேர்மையுடன் எதிர்கொள்ளுதல் வேண்டும். ஆக்கவுரிமை இன்றேல் யார் மருந்து கண்டுபிடிப்பர் என்பது முதலாவது. பெடாகுயிலினின் பரிசோதனைகளுக்குப் பொதுப் பணமும் கணிசமாகச் செலவாயிற்று. நோயாளர் தம் உடல்களையே பரிசோதனைக்கு ஈந்தனர். ஸ்ரெப்ரோமைசின் வரலாறும் நமக்குத் துணைநிற்கின்றது. தனக்கிருந்த தனியுரிமையை மேர்க் கம்பெனி விட்டுக்கொடுத்த பின்னர் பல கம்பெனிகள் அம் மருந்தை ஆக்கின, விலையும் வீழ்ந்தது. அதனால் மருந்தாராய்ச்சி நின்றுவிடவில்லை. புது மருந்திலும் தீங்குண்டு என்பது இரண்டாவது மறுப்பு. உண்மை, பெடாகுயிலின் இருதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடும், கண்காணிப்பு அவசியம். ஆனால் தீங்குகளை ஒப்புநோக்கித் தேர்வதும், தெரிவே இன்றி ஒன்றைச் சுமப்பதும் ஒன்றாகா. பழைய மருந்தின் மூலக்கூற்றை மாற்றி, மயிர்க்கலத்தின் வாயிலில் அது நுழையாவண்ணம் செய்யும் முயற்சியொன்றின் பயனை ஸ்ரான்போர்ட் ஆய்வாளர் 2015இல் வெளியிட்டனர். மருந்தை வடிவமைக்கும் ஆற்றல் மனிதனுக்குண்டு. அவ்வாற்றலை எங்கே செலுத்துவது என்பதைச் சமுதாயமே தீர்மானிக்கின்றது.

‘ஏற்கத்தக்க பக்கவிளைவு’ என்னும் தொடர் மருத்துவ நூல்களில் வருகின்றது. ஏற்கத்தக்கது என்பது அளந்து பெற்ற முடிவுபோலத் தோன்றினும், அது ஒரு மதிப்பீடு. நூற்றுக்கு இத்தனை பேர் செவிடாவர் என்பதை விஞ்ஞானம் கூறும். அது தகும் என்று கூறுவது விஞ்ஞானமன்று; மனிதர் சிலர் பிற மனிதர் சிலரைக் குறித்துக் கூறுவது. கூறுவோரின் பிள்ளைகள் அவ்வூசிக்கு ஆளாகாதவிடத்து அம் மதிப்பீடு எளிதாகின்றது. பிழைத்தாயே, அது போதாதா என்று வறியவனை நோக்கிக் கேட்பவர், வறியவனுக்கு உயிர் மட்டும் போதும், பாட்டும் தாலாட்டும் தோழர் குரலும் மிகை எனக் கருதுகின்றார். மனிதனைப் பாதியாக மதிக்கும் இக் கருத்தை நாம் ஏற்றல் இயலாது.

பாடசாலையில் நாம் செவியின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, பகுதிகளின் பெயர்களைக் குறிப்பிக்கின்றோம். சோதனைக்கு அது போதுமானது. ஆனால் அப் படத்தின் முன்னே நின்று, பீப்பாயைத் தட்டியவனும் தோலைத் தட்டியவனும் இவ்வறிவுக்கு அளித்த பங்கையும், இவ்வறிவின் பயன் அவர்தம் வழித்தோன்றல்களைச் சென்றடைய எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் மாணவரோடு பேசுதல் நமது கடமையாகும். நாளை அவருள் ஒருவர் வைத்தியராகலாம், ஒருவர் மருந்து ஆய்வாளராகலாம், ஒருவர் நோயாளியாகலாம். மூவருக்கும் இக் கேள்வி தெரிந்திருத்தல் வேண்டும்.