சொல் இல்லாத இசை வழிபாடாகுமா?

எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட் 1978-இல் எழுதிய ‘ஷ்பீகல் இம் ஷ்பீகல்’ முதலில் வயலினுக்கும் பியானோவுக்கும் அமைந்தது. இன்று செல்லோவும் பியானோவுமாகப் பரவலாக வாசிக்கப்படுகிறது. பியானோ மும்மூன்று சுரங்களாக ஒரே சீராக நடக்க, செல்லோ ஒரு மையச் சுரத்தை ஒட்டியே இயங்கும். போகப்போக வரி ஒவ்வொரு சுரமாக நீளும். ஏறத்தாழ பத்து நிமிடம், இவ்வளவுதான். பாட்டில்லை, கடவுள் பெயரும் இல்லை. ஆனாலும் பலர் இதைப் பிரார்த்தனையாகவே கேட்கின்றனர். அப்படிக் கேட்பது சரியா என்பது பழைய கேள்வி.

பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமையே மனத்தை இழுத்தால் அது குற்றம் என்று அஞ்சியவர் புனித அகுஸ்தீன். தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரி அரையர் சேவையும் சொல்லையே முன்நிறுத்துகிறது. கையில் தாளம் மட்டும், முதன்மை பாசுரத்துக்கே. அதே ஆற்றோரம் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்திலோ, ஒரே கல்லில் செதுக்கிய தூண்கொத்துகள் தட்டினால் சுரம் தருகின்றன. கல்லுக்குச் சாகித்தியம் ஏது?

சைவத்தில் சொல்லற்ற இசைக்கு எதிர்சாட்சியாக யாழ்முரிக் கதை வருவதுண்டு. திருஞானசம்பந்தரின் பதிகங்களுக்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வாசிப்பால்தான் பெருமை என்று பாணரின் சுற்றத்தார் பேசினர். பாணர் வேண்ட, தருமபுரத்தில் சம்பந்தர் யாழில் அடங்காத பதிகம் பாடினார். பாணர் யாழை உடைக்க ஓங்கினார்; சம்பந்தர் தடுத்து, இயன்றவரை வாசிக்கச் சொன்னார். சொல் வென்றது என்று மட்டும் இதைப் படிப்பது அவசரம். தோற்றது சுற்றத்தாரின் செருக்கு, யாழ் தப்பியது.

சைவ சித்தாந்தம் வாக்கைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காக வகுக்கும். காதில் விழும் சொல் கடைசிப் படியான வைகரி. முதற்படியான சூக்குமை நாதமாக நிற்பது. இக்கணக்கில் சொல்லின்மை குறையாகாது. அதற்காகச் சொல்லில்லாத ஓசையெல்லாம் சூக்குமை என்று கொள்வதும் தவறு: செல்லோவின் நாதமும் செவிக்கு எட்டுவதுதான்.

கோயில் வழக்கம் இந்த வாதத்துக்குக் காத்திருக்கவில்லை. சுவாமி புறப்பாட்டில் நாகசுரத்தில் முழங்கும் மல்லாரிக்குச் சாகித்தியமே கிடையாது. பெரும்பாலும் கம்பீரநாட்டையில், தாளக் கணக்கில் அமைந்த உருப்படி அது. தாமிரபரணிக் கரையில் பிறந்த காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) போன்ற நாகசுரக் கலைஞர்கள் கோயிலிலும் வாசித்தனர், கச்சேரி மேடையிலும் வாசித்தனர். கருவி ஒன்று, கை ஒன்று. மல்லாரியை வழிபாடாக்குவது எழுந்தருளும் மூர்த்தியும் அதற்குரிய வேளையும்; சுரக்கோவை மட்டும் அதைச் செய்துவிடாது. பார்ட்டின் படைப்புக்கு அப்படிக் குறித்த வேளையோ சன்னிதியோ இல்லை. திரைப்படங்களிலும் அது பின்னணியாக ஒலித்திருக்கிறது. எனவே அது வழிபாடா என்பதை வாசிப்பவரும் கேட்பவரும்தான் முடிவு செய்கின்றனர்.