வடிதுணியும் வடிகருவியும்

நீரை வடித்துக் குடிக்க வேண்டும் என்பது நம் இல்லங்களில் குழந்தைக்கு முதன்முதலாகக் கற்பிக்கப்படும் அறங்களுள் ஒன்று. இரவில் உண்ணாமையும் நீர் வடித்தலும் சமணர் வீட்டின் அடையாளங்கள் எனப் பிற சமயத்தாரும் அறிவர். சிராவகர்க்குரிய மூலகுணங்களுள் நீர் வடித்தலையும் சேர்த்து எண்ணிய ஆசிரியர்களும் உண்டு. இவ்வொழுக்கத்தை வழிவழியாகப் போற்றிவரும் நாம், சமையலறையில் எந்தக் குடிநீர்க் கருவியைப் பொருத்துவது என்ற கேள்வி எழும்போது மட்டும் முடிவைக் கடைக்காரரிடம் விட்டுவிடுகிறோம். அது பொருள் வாங்கும் கேள்வி மட்டுமன்று, அறக்கேள்வியும் ஆகும். அதனைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் என் பாட்டியார் நீர் சேந்தும் காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது. குடத்தின் வாயில் இரட்டையாக மடித்த தடித்த வெள்ளைத் துணியை இட்டு நீரை வடிப்பார். வடித்து முடித்ததும் துணியைத் திருப்பிப் பிடித்து, வடித்த நீரையே சிறிது ஊற்றி அலசுவார். அலசிய நீரை வாளியில் ஏந்தி, கயிற்றில் மெல்ல இறக்கி, கிணற்று நீரைத் தொட்ட பிறகே கவிழ்ப்பார். "மேலிருந்தே கொட்டிவிட்டால் என்ன?" என்று சிறுவனாகிய நான் ஒருநாள் கேட்டேன். "உன்னை மாடியிலிருந்து தூக்கிப் போட்டால் வலிக்காதா?" என்றார். நீர் வடித்தலின் பொருளை எனக்கு முதலில் விளக்கியது அந்த ஒரு வரியே.

ஒரு விற்பனையாளரின் வருகை

பணியின் பொருட்டுச் சேலத்திற்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். என் மகன் இராசிபுரம் அருகே வீடு கட்டிக் குடியேறியிருக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் நான் அங்கிருந்தபோது குடிநீர்க் கருவி விற்கும் இளைஞர் ஒருவர் வந்தார். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒன்றில் வீட்டுக் குழாய் நீரையும், மற்றொன்றில் தாம் கொணர்ந்த நீரையும் நிரப்பினார். உலோகத் தண்டுகள் பொருத்திய ஒரு சிறு பொறியை இரண்டிலும் அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினார். சிறிது நேரத்தில் எங்கள் நீர் பழுப்பாகிக் கசடு திரண்டது. அவருடைய நீர் தெளிவாகவே இருந்தது. "இதைத்தான் அம்மா தினமும் குடிக்கிறீர்கள்" என்றார். என் மருமகள் முகம் வாடி, "மாமா, நீங்களே சொல்லுங்கள், வாங்கிவிடலாமா?" என்று கேட்டாள்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி குறுக்கிட்டு, "அந்தச் சுத்தமான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுவிட்டுச் செய்து காட்டுங்கள்" என்றாள். போட்டவுடன் அதுவும் பழுப்பாயிற்று. தண்டுகளுள் சில இரும்பினாலானவை. உப்புக் கரைந்த நீரில் மின்சாரம் எளிதில் பாயும், பாயும்போது இரும்பு கரைந்து துருவாகத் திரளும். நாங்கள் கண்ட கசடு தண்டிலிருந்து வந்ததேயன்றி நீரில் இருந்ததன்று. அவ்விளைஞரைப் பழிப்பது என் கருத்தன்று. பயிற்றுவித்ததை அவர் செய்தார். ஆயினும் வாய்மை அணுவிரதம் பூண்ட நாம், அச்சத்தின் பெயரால் ஒரு முடிவை எடுக்கலாகாது என்று அன்று தோன்றியது. அஞ்சியவன் தன்னை மட்டுமே எண்ணுவான்.

யாரை யாரிடமிருந்து காப்பது?

பாட்டியாரின் துணி, நீரில் வாழும் சிற்றுயிர்களை நம்மிடமிருந்து காத்தது. இன்றைய கருவி, நம்மை நீரிலுள்ளவற்றிடமிருந்து காக்கிறது. இரண்டிற்கும் பெயர் வடித்தல்தான், நோக்கமோ நேர்மாறானது. துணியில் தங்கியது மீண்டும் கிணற்றுக்குச் சென்றது. கருவியில் தங்கியது சாக்கடைக்குச் செல்கிறது.

பிற உயிரின் பொருட்டுச் செய்த அறம் நம்மையும் காத்தது என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. முற்காலத்தில் நம் நாட்டைப் பெரிதும் வருத்திய நரம்புச்சிலந்தி நோய், அதன் புழுக்குஞ்சை உடலில் தாங்கிய மிகச் சிறிய நீர்ப்பூச்சியை விழுங்குவதால் வருவது. குடிநீரைத் துணியால் வடிக்கச் செய்ததும் அந்நோயை ஒழித்த வழிகளுள் ஒன்று. 1996இல் இந்தியாவின் கடைசி நோயாளி காணப்பட்டார். 2000இல் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வங்கதேசச் சிற்றூர்களில் பழைய புடவையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிக்கச் செய்தபோது காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை ரீட்டா கால்வெல் என்னும் அமெரிக்க அறிவியலாரும் அவர் குழுவினரும் 2003இல் வெளியிட்டனர்.

இதைக் கொண்டு "துணியே போதும், முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர்" என்று பெருமை பேசிவிடுதல் தகாது. துணி, பூச்சியையும் புழுவையும் தடுக்கும். நீரில் தனித்துத் திரியும் நுண்கிருமியை முற்றத் தடுக்காது. கரைந்த உப்பைச் சிறிதும் தடுக்காது. நம் சமவெளியின் இடர்ப்பாடு பெரும்பாலும் கரைந்து நிற்பதில்தான் உள்ளது.

நம் மண்ணின் நீர்

சேலம், நாமக்கல் மாவட்டங்கள் கடும்பாறை நிலம். திருச்செங்கோட்டுப் போர் வண்டிகள் இந்தியாவெங்கும் சென்று துளையிடுகின்றன. அவை பிறந்த மண்ணிலேயே பல நூறு அடி ஆழம் துளைத்தும் நீர் காணாத இடங்கள் உண்டு. கண்டவிடத்தும் பாறையிடையே நெடுங்காலம் தங்கிய நீர் கடினமாயிருக்கும். சில ஊர்களில் ஃபுளோரைடும் மிகுதி. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்குக் கரைந்த உப்பு 500 மில்லிகிராமுக்குள்ளும், ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள்ளும் இருத்தல் நலம். வேறு நீர் கிடைக்காவிடத்து உப்பு 2,000 வரையிலும், ஃபுளோரைடு 1.5 வரையிலும் ஏற்கலாம். ஃபுளோரைடு மிகுந்தால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை படியும். நெடுநாள் மிகுதியாகப் பருகினால் எலும்பும் மூட்டும் இறுகும். முன்பு சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் இத்துன்பத்தைத் தணிக்கவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

நாவினால் ஃபுளோரைடை அறிய இயலாது. விற்பனையாளர் சட்டைப்பையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மானி மொத்த உப்பையே காட்டும், ஃபுளோரைடைத் தனியே காட்டாது, கிருமியையும் காட்டாது. ஆகவே கருவிக்கு முன் சோதனை வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். நாங்களும் அவ்வாறே செய்தோம். காவிரிக் குழாய் நீர் வரம்பிற்குள் இருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு 1.5ஐத் தாண்டியிருந்தது.

கருவிகளும் ஹிம்சையும்

மெழுகுவர்த்தி வடிவ வடிகலன் மண்ணையும், ஓரளவு கிருமியையும் தடுக்கும். மின்சாரமோ வீண் நீரோ அதற்கில்லை. காய்ச்சுதல் கிருமியை அழிக்கும். ஆனால் ஃபுளோரைடை நீக்காது, நீர் வற்றுவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். புற ஊதாக் கதிர்க் கருவி கிருமியைச் செயலறச் செய்யும், உப்பை ஒன்றும் செய்யாது. ஆர்.ஓ. எனப்படும் சவ்வூடு கருவி உப்பு, ஃபுளோரைடு, கிருமி அனைத்தையும் பெரும்பாலும் நீக்கும். ஆனால் சாதாரண வீட்டுக் கருவி 1 லிட்டர் தருவதற்கு ஏறத்தாழ 3 லிட்டரை வெளியே தள்ளும்.

கதிரால் உயிர் மாய்கிறதே, அது சமணர்க்குத் தகுமா என அன்பர் சிலர் கேட்கின்றனர். தக்க கேள்வியே. ஆனால் காய்ச்சுவதிலும் உயிர் மாய்கிறது. நம் ஒழுக்க நூல்களோ காய்ச்சிய நீரை ஏற்றுள்ளன. வடித்த நீர் இரண்டு நாழிகைக்கும், நன்கு காய்ச்சிய நீர் ஒரு நாளைக்கும் பயன்படும் என்பது மரபு. தேவைக்குரிய அளவு நீரை மட்டும் எடுத்து, அதில் மீண்டும் மீண்டும் உயிர் தோன்றி மாய்வதைத் தடுப்பதே அதன் உட்கருத்து. வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தான் முற்றத் துறக்க வேண்டும். அடுப்பெரித்தல், நீர் காய்ச்சுதல் முதலான ஆரம்ப ஹிம்சை அவனால் முற்றத் தவிர்க்க இயலாதது. அதைக் கவனத்தால் குறைக்கலாம், குறைத்தே ஆக வேண்டும். எனவே காய்ச்சுதற்கும் கதிர்க்கருவிக்கும் இடையே பெரிய அறவேற்றுமை காண்பதற்கில்லை.

நீரே ஓரறிவுயிரின் உடல் என்பது நம் கொள்கை. அவ்வாறாயின் வீணே வழியும் 3 லிட்டர்தான் நம்மை உறுத்த வேண்டும். நால்வர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் எனக் கொள்வோம். 60 லிட்டர் சாக்கடைக்குப் போகும். ஓராண்டில் அது 21,900 லிட்டர், 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஏறத்தாழ இரண்டு. உப்பு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த நீருக்கு ஆர்.ஓ. கருவியைத் தடைசெய்ய வேண்டும் என்று 2019 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூறியது. நம் வீட்டில் அதே முடிவை எடுக்க நமக்குத் தீர்ப்பு ஒன்று தேவையா?

நாங்கள் செய்தது

"அப்படியானால் கருவியே வேண்டாம், காவிரி நீரை வடித்துக் காய்ச்சிக் கொள்வோம்" என்று நான் தீர்ப்புரைத்தேன். மருமகள் அமைதியாகச் சொன்னாள்: "மாமா, காவிரித் தண்ணீர் நாள் விட்டு நாள்கூட வருவதில்லை. பிடித்து வைப்பதும், வடிப்பதும், காய்ச்சுவதும் நான்தானே? கோடையில் அது வராத நாளில் பிள்ளைக்கு எந்த நீரைக் கொடுப்பது?" எனக்கு நாணமாயிற்று. அறத்தை ஆடவர் பேச, குடத்தைப் பெண்டிர் சுமப்பதுதான் நம் வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. வளரும் குழந்தையின் எலும்பைக் காப்பதும் அகிம்சையே அன்றோ?

ஆகவே சிறிய ஆர்.ஓ. கருவி ஒன்றை வாங்கினோம். காவிரி நீர் உள்ளவரை அது ஓய்ந்திருக்கும். அந்நாட்களில் வடிப்பதும் காய்ச்சுவதும் என் மகனின் பொறுப்பு, நான் சென்றால் என் பொறுப்பு. காவிரி வராதபோது மட்டும், குடிப்பதற்கும் சமையலுக்கும் வேண்டிய அளவே கருவியை இயக்குகிறோம். வெளியேறும் நீரைப் பீப்பாயில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துகிறோம். அந்நீரை மாட்டுத் தொட்டியில் விடலாமே என்று அண்டை வீட்டார் அன்போடு கூறினர். அதில் ஃபுளோரைடும் உப்பும் செறிந்திருக்கும். நாம் குடிக்க அஞ்சியதை வாயில்லா உயிருக்கு வார்ப்பது ஈகையாகாது. மேல்நிலைத் தொட்டியைக் கழுவி, கொசு நுழையாதவாறு இறுக மூடியுள்ளோம். உயிர் தோன்றவிட்டுப் பின் கொல்வதினும் தோன்றாமற் காப்பது மேல். 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேமிப்பையும் பெயரளவில் விட்டுவிடாமல் தூர் எடுத்துச் செப்பனிட்டோம்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. வடித்த துணியை அலசிய நீரை, எடுத்த நீர்நிலையிலேயே விட வேண்டும் என்பது விதி. பல நூறு அடி ஆழத்துக் குழாய்க்குள் எதை எவ்வாறு மெல்ல இறக்குவது? மேட்டூரிலிருந்து குழாய்வழி வந்த நீரை எங்கே திருப்பி விடுவது? எனக்கு விடை தெரியவில்லை. ஆயினும் ஒவ்வொரு நாளும் துணியை அலசும்போது அக்கேள்வி எழுகிறது. அலசிய நீருடன் ஒரு கணம் தயங்கி நிற்கிறேன். அத்தயக்கத்தையாவது என் பேத்தி பார்த்து வளரட்டும் என எண்ணுகிறேன்.

எந்தக் கருவி நல்லது என்று என்னைக் கேட்கும் சாதர்மிகளுக்கு நான் கூறுவது இதுவே: முதலில் நீரைச் சோதியுங்கள். வேண்டிய கருவியை, வேண்டிய நாளில், வேண்டிய அளவே பயன்படுத்துங்கள். அதிலிருந்து வெளியேறுவது எங்கே போகிறது என்பதையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். எந்தக் கருவியைப் பொருத்தினாலும், பாட்டியாரின் துணியை மட்டும் பரணில் எறிந்துவிட வேண்டாம்.

வாழ்க அறம்! வாழ்க எல்லா உயிர்களும்!