எம்மாவுக்குப் போனவர்களும் திரும்பி வந்தவர்களும்

எம்மாவுக்குப் போகிற வழியில் நடந்த இருவரும் செய்தி அறியாதவர்கள் அல்லர். இயேசுவின் ஊழியம், சிலுவை மரணம், வெறுமையான கல்லறை, தேவதூதரைக் கண்ட ஸ்திரீகளின் சாட்சி யாவும் அவர்களுக்குத் தெரியும். வழியில் வந்து சேர்ந்த அந்நியருக்கு அவற்றை ஒழுங்காக எடுத்துரைத்தார்கள் (லூக்கா 24:18-24). சொன்னதில் பிழை ஏதுமில்லை. ஆயினும் முகத்தில் துக்கம். உயிரோடிருக்கிறவரிடமே அவருடைய மரணச் செய்தியைச் சொல்லிக்கொண்டு நடந்தார்கள்.

இன்றும் இது நடக்கிறது. ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் களிகூர்ந்த குடும்பம், திங்கட்கிழமை காலையில் கடனையும் நோயையும் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் குறித்துப் பேசும்போது, ஆண்டவர் இன்னும் கல்லறையில் இருப்பதுபோலவே பேசுகிறது. அவர்களுடைய விசுவாசப் பிரமாணத்தில் குறைவில்லை. கூட நடக்கிறவரை அறிகிற கண்தான் இல்லை.

வழிநெடுக அவர் மோசே முதல் சகல தீர்க்கதரிசிகளின் வாக்கியங்களையும் விளக்கினார். அதைவிடச் சிறந்த வேதபாடம் பூமியில் நடந்திருக்க முடியாது. இருதயம் அனல்கொண்டது, கண்களோ இன்னும் திறக்கவில்லை. ஊர் நெருங்கியபோது அவர் அப்பாலே போகிறவர்போலக் காணப்பட்டார். பொழுது சாய்ந்துவிட்டதென்று சொல்லி அவர்கள் வருந்தி அழைத்திராவிட்டால், மனதில் பதிந்த ஒரு நல்ல பிரசங்கத்தோடு அந்த நாள் முடிந்திருக்கும். வழிப்போக்கனுக்கு இராத்தங்க இடம் கொடுப்பது எந்த ஏழை வீட்டிலும் நடக்கிற காரியமே. அங்கே விருந்தாளியாக வந்தவர் வீட்டெஜமானைப்போல அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் பண்ணி, பிட்டுக் கொடுத்தார். தேவாலயத்தில் அல்ல, இராப்போஜன வேளையில் கண்கள் திறந்தன. கிலெயோப்பாவோடிருந்தவர் அவருடைய மனைவியாயிருக்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. லூக்கா பெயரைச் சொல்லவில்லை.

உடனே எழுந்தார்கள். எம்மாவு எருசலேமுக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தூரம். இருட்டுகிறது, போகவேண்டாம் என்று சற்றுமுன் அந்நியரைத் தடுத்தவர்கள், அதே இருட்டில் அதே வழியே திரும்பினார்கள். விடியும்வரை காத்திருக்கலாம் என்று ஒருவரும் சொன்னதாக எழுதப்படவில்லை. போய்ச் சேர்ந்தபோதோ, அவர்கள் வாய் திறக்குமுன்பே பதினொருவரும் கூடியிருந்தவர்களும் கர்த்தர் சீமோனுக்குத் தரிசனமான செய்தியைச் சொன்னார்கள். இது ஊழியர் யாவரும் கவனிக்கத்தக்கது. கிறிஸ்துவைப் புதிய இடத்துக்குச் சுமந்துகொண்டு போவதாக எண்ணிப் புறப்படுகிறவன், அவர் தனக்கு முன்னே அங்கே சென்றிருப்பதைக் காண்கிறான். அப்படியானால் ஏன் போகவேண்டும்? அவ்விருவரும் தங்களுக்கு நேரிட்டதை விவரித்துக்கொண்டிருக்கையில்தான் இயேசு தாமே நடுவில் வந்து நின்றார். அவர்களோ ஓர் ஆவி என்று கலங்கினார்கள்! வறுத்த மீன்கண்டத்தை வாங்கி அவர்களுக்கு முன்பாகப் புசித்துக் காட்டவேண்டியதாயிற்று.

செய்தி சொல்ல நெடுந்தூரம் நடக்கிறவர்கள் உண்டு. அடுத்த அறைக்குப் போகவேண்டியவர்களும் உண்டு. இந்த இரண்டாவது பயணமே பலருக்குக் கடினம். பஞ்சாபின் ராம்பூர் கிராமத்துச் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த சுந்தர் சிங், 1904 டிசம்பரில் வேதப்புத்தகத்தை எரித்தார். அப்போது அவருக்கு 15 வயது. மனதில் சமாதானமில்லை. கடவுள் தம்மை வெளிப்படுத்தாவிட்டால் விடியற்காலை ரயிலுக்கு முன் உயிரை விடுவதென்று தீர்மானித்து, இருளிலேயே எழுந்து ஜெபித்தார். தரிசனமானவர் அவர் எதிர்பார்த்தவர் அல்லர். மரித்துப்போனவர் என்று அவர் எண்ணியிருந்த இயேசு.

முதலில் அவர் சென்றது எந்த மிஷனெரியிடமும் அல்ல, உறங்கிக்கொண்டிருந்த தகப்பனாரிடம். மூன்று நாளுக்குமுன் வேதத்தை எரித்த மகன் இப்படிப் பேசுவதைத் தகப்பனாரால் நம்ப முடியவில்லை. பின்பு வீடும் உறவும் அவரைத் தள்ளின. 1905 செப்டம்பர் 3 அன்று சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றபோது சொந்த ஜனத்தார் அருகில் இல்லை. அந்தத் தகப்பனார் ஷேர் சிங் கிறிஸ்துவை ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன.