முதுமையின் சுமை யாருடையது?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் இளைப்பாறிய ஆசிரியர், எழுதுவினைஞர் பலரின் முதுமை இன்று ஓரிடத்தில் கழிவதில்லை. சில மாதங்கள் ரொறன்ரோவில் மகளுடன். சில மாதங்கள் இலண்டனில் மகனுடன். எஞ்சிய நாட்கள் கொழும்பில். இதனை உல்லாசப் பயணம் என்பார் உளர். 1983 யூலை வன்செயலும் அதன்பின் நீண்ட போரும் சிதறடித்த குடும்பங்கள் ஒன்றையொன்று காணச் செய்யும் பயணமே இதிற் பெரும்பகுதி.

கொழும்பில் நோயுற்றால் அரசாங்க வைத்தியசாலை கட்டணமின்றி ஏற்கிறது. 1931இல் சர்வசன வாக்குரிமை பெற்ற மக்கள், 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின் பின்னர் படிப்படியாக வென்றெடுத்த உரிமை அது. ஆனால் அவ்வுரிமை விமானத்தில் ஏறுவதில்லை. கனடா 2011இல் ஏற்படுத்திய 'சுப்பர் விசா', பெற்றோரிடம் குறைந்தது ஒரு இலட்சம் கனேடிய டொலருக்கான ஓராண்டு மருத்துவக் காப்புறுதியைக் கேட்கிறது. கட்டணம் வயதோடு ஏறுகிறது. முன்னரே உள்ள நீரிழிவும் இருதய நோயும் பல ஒப்பந்தங்களில் விலக்கப்படுகின்றன.

காப்புறுதியின் அடிப்படை யாது? பலர் சேர்த்த பொதுப்பணம் இடருற்ற ஒருவரைத் தாங்குவதன்றோ! இலாபம் கருதி மனிதரை வயதாலும் நோயாலும் தரம்பிரித்தால், அதிகம் தேவையுடையவரே அதிகம் செலுத்துகிறார். அல்லது வெளியே நிறுத்தப்படுகிறார்.

"எம் வரிப்பணத்தில் அயலார் வைத்தியம் பெறுவதா?" என அந்நாட்டுத் தொழிலாளி வினவலாம். நியாயமான வினாவே. ஆயின் கணக்கை முழுமையாக எழுதுவோம். 1945இல் இலங்கையிற் பிறந்த இலவசக் கல்வியிற் பயின்ற பொறியியலாளரும் தாதியரும் இன்று அங்கே உழைத்து வரி செலுத்துகின்றனர். அவர்களை ஆளாக்கிய செலவு இந்நாட்டுடையது. உழைப்பின் பயனோ அந்நாட்டுக்கு. பயனை ஏற்கும் நாடு, அவர்களை வளர்த்தோரின் நோயை மட்டும் தனியார் சந்தையிடம் ஒப்படைத்தல் அறமாகுமா?

மாற்றுவழி வெறுங்கனவன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு நாட்டின் ஓய்வூதியத்தில் மட்டும் வாழ்பவர் மற்றோர் உறுப்பு நாட்டிற் குடியிருந்தால், ஓய்வூதியம் வழங்கும் நாடே வைத்தியச் செலவைப் பொதுவாக ஏற்கிறது. வறிய நாடான இலங்கை இதனைத் தனித்துத் தாங்க இயலாது. உழைப்பைப் பெறும் நாடும் பங்கேற்கும் ஒப்பந்தங்களை நாம் கோரவேண்டும்.

அதே வேளை, கடவுச்சீட்டே இல்லாத கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளியையும் மறவாதிருப்போம். அவருக்குள்ள ஒரே காப்புறுதி அரசாங்க வைத்தியசாலை. அதனைத் தேயவிட்டுக்கொண்டு எல்லைக்கப்பால் உரிமை கேட்பதில் பொருளில்லை. இவ்விரு கோரிக்கைகளையும் ஒன்றாகவே எழுப்புவோம்.