பெற்றோர் தரும் சாட்சியம்

பெற்ற பிள்ளையை நம்மைவிட அறிந்தவர் எவர் என்று கேளாத பெற்றோர் இல்லை. அந்த அறிவு எத்துணை உறுதியானது என்பதை நாம் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிறாரின் நடத்தையையும் உள்ளத்துணர்வையும் அறிய, மனநல மருத்துவர்கள் பெற்றோரிடம் வினாத்தாள் தருவதுண்டு. 1997-ல் இங்கிலாந்து மருத்துவர் இராபர்ட் குட்மன் வெளியிட்ட தாள் அவற்றுள் பெரிதும் பரவியது. அச்சமும் கவலையும், முரட்டுத்தனம், நிலைகொள்ளாமை, தோழரோடு பழகும் விதம், பிறருக்கு உதவும் பண்பு ஆகிய ஐந்தையும் பற்றி 25 கூற்றுகள் அதில் உள்ளன. கடந்த 6 மாதங்களை மனத்திற்கொண்டு, ஒவ்வொன்றும் உண்மையா, ஓரளவு உண்மையா, உண்மையன்றா எனக் குறித்தல் வேண்டும்.

இத்தாள் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி இல்லமொன்றுக்கு வருவதாகக் கொள்வோம். வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் அத்தா வளைகுடா நாட்டில் பொருளீட்ட, அம்மா தனித்துப் பிள்ளை வளர்க்கும் வீடுகள் பல. ஆறு மாதமாக மகனை நேரில் காணாத அத்தா எதைக் குறிப்பார்? தொலைபேசியில் கேட்ட ஸலாமையா? அம்மாவோ, பிள்ளையிடம் குறை என்றால் பழி வளர்ப்பின் மீதன்றோ விழும் என்று அஞ்சித் தயங்குவார்.

முரட்டுத்தனம் கண்ணுக்குத் தெரியும், கவலை தெரியாது. ஓசையின்றி இருக்கும் பிள்ளைக்கு 'அடக்கமானவன்' என்னும் நற்பெயர் எளிதில் கிடைத்துவிடுகிறது. 1987-ல் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் அக்கன்பாக் குழுவினர் 119 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். தாய், தந்தை விடைகள் நன்கு ஒத்திருந்தன. பெற்றோர் விடையும் பிள்ளையின் விடையும் சிறிதளவே ஒத்தன. குட்மன் முறையில் ஆசிரியருக்கும், 11 வயதை எட்டிய பிள்ளைக்கும் தனித்தாள் இருப்பது இதனாலேயே பொருளுடையதாகிறது.

அவ்வாறாயின் பெற்றோர் விடை பயனற்றதா? அன்று. அது நோயை உறுதிசெய்யும் தீர்ப்பன்று; மருத்துவர் மேலும் எங்கே நோக்க வேண்டும் என்பதற்கான குறிப்பு. குறிப்புப் பிழையானால் உதவி தேவைப்படும் பிள்ளை விடுபட்டுப் போவான். சினத்தில் மிகைப்படுத்தினாலோ இல்லாத குறையைச் சுமப்பான்.

குறைகளை மறைத்தல் நற்பண்பு என்று கற்றவர்கள் நாம். ஊரார்முன் மறைப்பது பண்பே. மருத்துவர்முன் மறைப்பது பிள்ளைக்கு இழைக்கும் அநீதி. நமக்கும் நம் உறவினருக்கும் பாதகமாயினும் சாட்சியத்தில் நேர்மை வேண்டும் என்பதே நம் மார்க்கம் இட்ட கட்டளை. ஆகவே பேனாவை எடுக்குமுன் பிள்ளையை அருகழைத்து, அவன் சொல்வதை இடைமறியாது கேட்போம். அறியாததை அறியோம் என்று மருத்துவரிடம் சொல்லவும் நாண வேண்டுவதில்லை. பிள்ளை நம் கௌரவத்தைக் காக்கப் பிறந்தவன் அல்லன். நாம் காக்க வேண்டிய அமானிதம்.